இருட்டறை ஆர்விலும் சிவப்புப் பென்சிலும்

மில்வாக்கியில் வாய் மூடாத ஆள் யார் என்று கேட்டால், எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஒரே பக்கம் கையைக் காட்டுவார்கள். அந்தப் பக்கம் ஆர்வில் டெஷ் நின்றுகொண்டிருப்பார். ஆள் கிடைத்தால் பேசுவார். கிடைக்காவிட்டால் மூக்கு வழியாக ராகம் இழுப்பார். அவருடைய அப்பா கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசித்தவர். அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த சொத்து போல்க்கா என்கிற குதியாட்டப் பாட்டு ஒன்றே ஒன்று, அதிலும் முதல் இரண்டு வரி மட்டும். மூன்றாவது வரி எங்கே போயிற்று என்று அவருக்கும் தெரியாது. அவர் மனைவி கெர்ட்டி, அது புண்ணியம் செய்த வரி, தப்பித்துவிட்டது என்பாள்.

ஆனால் அந்த ராகத்தைக் குறை சொல்ல எங்களால் முடியாது. இருட்டறைக்குள் போகிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் கூடத்தின் சட்டம். உள்ளே ஒரு மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எரியும். எதிரே நிற்பது மனிதனா அலமாரியா என்பது இடித்த பிறகுதான் தெரியும். கையில் கண்ணாடிக் குழாயோடு இரண்டு பேர் முட்டிக்கொண்டால் மாதக்கணக்கான உழைப்பு தரையில் ஓடிவிடும். அதனால் ஒருவர் இருமுவார், ஒருவர் ஜெபம் சொல்வார், ஆர்வில் ராகம் இழுப்பார். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, ஃப்ரிட்ஜின் உறுமல் போல அதுவும் எங்கள் காதில் ஏறாமலே போய்விட்டது.

என் பெயர் வெர்னா. அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுவதும் நாய்களைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. வியாழக்கிழமைகளில் கெர்ட்டியும் நானும் ஒரே அணியில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் ஆடுவோம். ஆகவே ஆர்விலைப் பற்றி ஆய்வுக்கூடத்துக் கதையும் எனக்குத் தெரியும், வீட்டுக் கதையும் தெரியும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மனிதர் முழுசாக வருவார்.

அங்கே அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். கண்ணின் பின்சுவரில் பார்க்கிற செல்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பின்னால் ஒரு சமையற்கட்டு இருக்கிறது என்றேன். பார்க்கிற செல்லுக்கு வேண்டிய வைட்டமின் ஏ அந்தச் சமையற்கட்டில்தான் பக்குவமாகிறது. நடுவே ஒரு நீர் இடுக்கு. வைட்டமின் ஏ எண்ணெய்ச் சாதி, தண்ணீரோடு சேராது. வற்புறுத்தி இறக்கினால் போகிற வழியில் பட்ட செல்லையெல்லாம் பொசுக்கிவிடும். அதனால் அதை மடியில் கட்டிக்கொண்டு போய், உரிய வாசலில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு திரும்ப ஒரு புரதம் இருக்கிறது. சுமைதூக்கி என்று வைத்துக்கொள். சமையற்கட்டு பழுதான கண்ணுக்கு, வெளியிலேயே பக்குவம் செய்த வைட்டமினை இந்தச் சுமைதூக்கியின் தலையில் ஏற்றி அனுப்ப முடியுமா என்று எங்கள் டாக்டர் மாரென் ஹால்வர்சன் பார்க்கிறார். தங்கை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதற்குச் சம்பளமும் தருகிறார்களா என்றாள்.

சுமைதூக்கி கிடைக்கும் இடம் மாட்டுக்கண். விடியும்போதே ஆர்வில் பள்ளத்தாக்கு இறைச்சிக்கூடத்துக்கு வண்டியை விடுவார். கத்தி பிடிக்கிறவர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நம் கால்பந்து அணி பேக்கர்ஸ் எப்படிச் சொதப்பினார்கள் என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பனிக்கட்டி போட்ட கறுப்புப் பெட்டியில் கண்களை வாங்கி வருவார். இருட்டறையில் அவற்றைத் திறந்து, விழித்திரையை உப்புத் தண்ணீரில் மெல்ல அலசுவார். அரிசி களைகிற யாரும் கழுநீரைக் கொட்டிவிட்டு அரிசியை வைத்துக்கொள்வார்கள். ஆர்வில் அரிசியை எறிந்துவிட்டுக் கழுநீரைப் பத்திரப்படுத்துவார். சுமைதூக்கி அந்தத் தண்ணீரில்தான் இருக்கும்.

பத்திரப்படுத்துவது அவருக்குப் பிறவிக் குணம். வீட்டில் காலி வெண்ணெய் டப்பாக்கள் உத்தரம் வரை அடுக்கியிருக்கும். ஆய்வுக்கூடத்து உறைபெட்டியில் பாதி, அவர் எறியாமல் வைத்த பழைய குழாய்கள். பிறகு உதவும் என்பார். எப்போது என்று கேட்டால் பிறகு என்பார்.

இன்னொரு குணம் பாடம் நடத்துவது. புதிதாக யார் வந்தாலும் ஆர்விலின் சிவப்பு மைப் பாடத்தைக் கேட்காமல் இருட்டறைக்குள் நுழைய முடியாது. சிவப்பு விளக்கின் கீழே சிவப்பு எழுத்து தெரியாது, வெள்ளைத் தாளும் எழுத்தும் ஒன்றாகிவிடும், ஆகவே கறுப்பில்தான் எழுத வேண்டும். பாடம் இவ்வளவுதான். இதை அவர் முக்கால் மணி நேரம் சொல்வார். போன வருஷம் மினசோட்டாவிலிருந்து வந்த இளம் டாக்டர் ஒருவர் மறந்துபோய்ச் சிவப்புப் பேனாவோடு உள்ளே போனார். அந்தப் பேனாவை ஆர்வில் சாப்பாட்டு அறைச் சுவரில் நூல் கட்டித் தொங்கவிட்டார். பாவம், அந்தப் பையன் மினசோட்டாவுக்கே திரும்பிப் போய்விட்டான். பேனா இன்னும் தொங்குகிறது.

இத்தனைக்கும் டாக்டர் மாரென் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார் என்றால் அதற்குக் காரணம் உண்டு. எந்தக் குழாயில் சுமையோடு புரதம் இருக்கிறது, எதில் வெறும் புரதம் இருக்கிறது என்பது ஆர்வில் ஒருவருக்குத்தான் தெரியும். அளக்கிறவர்களுக்குத் தெரிந்தால் ஆசை கண்ணை மறைத்துவிடும் என்று டாக்டரே அப்படி ஏற்பாடு செய்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஆர்வில் வாயைத் திறந்து இது இன்னது, அது இன்னது என்பார். அந்தச் சொல்லை யாரும் சரிபார்த்ததில்லை. எங்கள் கூடத்தின் கணக்கு முழுதும் அந்த ஒரு வாயின் மேல் நின்றது. அவருக்குப் பட்டம் கிடையாது, பதவியும் பெரிதில்லை. அந்தச் சொல் ஒன்றுதான் அவர் சம்பாதித்தது.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு நாய்கள் வந்தன. அக்கா தங்கை. பிறவியிலேயே சமையற்கட்டு பழுது. பகலில் முயல் போல ஓடும். வெளிச்சம் மங்கினால் நாற்காலியில் முட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழும். பாலாடைக்கட்டி ஊர் இல்லையா, அதனால் ஒன்றுக்குக் கோல்பி, ஒன்றுக்குப் பிரிக் என்று இரண்டு வகைக் கட்டிகளின் பெயரை வைத்தேன். நாய்களிடம் ஒட்டுதல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆர்வில் எனக்கு உபதேசம் செய்தார். உபதேசம் செய்யும்போதே அவர் கோட்டுப் பையிலிருந்து கோல்பி எதையோ எடுத்துத் தின்றுகொண்டிருந்தது.

ஏற்பாடு இதுதான். ஒரு நாயின் கண்ணில் சுமையோடு புரதம் போகும், இன்னொன்றுக்கு வெறும் புரதம். பிறகு நிலவொளி அளவு விளக்கு வைத்த அடித்தள அறையில் நாற்காலிகளைப் போட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எது போகிறது என்று பார்ப்பார்கள். பக்குவம் செய்த வைட்டமின் ஒரு நாய்க்குப் போதுமான அளவுதான் வந்திருந்தது. ஆர்வில் தனியாக நாணயம் சுண்டிப் பார்த்தார். கோல்பிக்கு விழுந்தது.

கண்ணில் ஊசி போடுகிற நாளுக்கு முந்தின நாள் வியாழக்கிழமை. பௌலிங்கில் புள்ளி எழுதுகிறவர் ஆர்வில். அங்கே பளபளப்பான அட்டையில் எழுத மெழுகுப் பென்சில் தருவார்கள். ஆய்வுக்கூடத்திலும் மெழுகுப் பென்சில்தான். ஒரே தடிமன், ஒரே நீளம். கூடத்துப் பென்சில் கறுப்பு, பௌலிங் பென்சில் சிவப்பு. எது எந்தக் கோட்டுப் பையில் தங்கியது என்று சொல்லத் தேவையில்லை.

இனி வருவது அவரே பிறகு சொன்னது. இருட்டறைக்குள் போனார், ஒரு குழாயில் வைட்டமினைச் சேர்த்தார், மூடியில் கோல்பியின் பெயரை எழுதினார். எழுத்து விழவில்லை. குளிரில் மெழுகு இறுகிவிட்டது என்று நினைத்து, இரண்டு குழாய்களையும் கீழே வைத்துவிட்டு, பென்சில் முனையை வாயில் வைத்து ஊதினார். மறுபடி எழுதினார், அழுத்தி எழுதினார். பென்சிலில்தான் கோளாறா என்று பார்க்க மற்ற மூடியிலும் எழுதிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பென்சில் செய்த கம்பெனியைத் திட்டிக்கொண்டே, குழாய்களை வெளிச்சம் படாதபடி அலுமினியத் தகட்டுத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தாழ்வாரத்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு மூடியிலும் செக்கச்செவேல் என்று கிறுக்கல். கோழி கிளறிய மண்ணில் எது எந்தக் கோழி என்று எப்படிச் சொல்வது.

இப்போது அவர் கையில் இரண்டு குழாய்கள். வைட்டமின் உள்ள குழாய் லேசான மஞ்சள். தகட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் வெளிச்சம் பட்ட நிமிஷமே அந்த வைட்டமின் கெட்டுவிடும். பார்த்தால் பயனில்லை, பார்க்காவிட்டால் தெரியவில்லை. மறுபடி உள்ளே போய் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து வந்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தார். அவருடைய வயசுக் கண்ணுக்கு இரண்டும் தண்ணீராகவே தெரிந்தன. அந்தச் சொட்டை அளந்து சொல்லும் கருவி இருந்தது, டாக்டர் மாரெனின் அறையில்.

அந்த அறை வாசல் வரை போனார். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, தயாரா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அந்த வாக்கியத்தில் சிவப்பு என்கிற சொல் வருமே. சுவரில் பேனா தொங்குகிறதே. பனியில் வண்டி ஓட்டி வந்த மிருக வைத்தியர் லிண்ட்குவிஸ்ட் கையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தார், நாய்கள் மயக்கத்தில் இருந்தன. தயார் என்றார் ஆர்வில். மூடிகளைத் துடைத்து, என்னிடம் கறுப்புப் பென்சில் கடன் வாங்கி, மனசுக்குத் தோன்றியபடி ஒன்றில் கோல்பி, ஒன்றில் பிரிக் என்று எழுதிக் கொடுத்தார்.

எனக்கு அப்போதே ஒன்று உறைத்தது. மனிதர் என்னைக் கடந்து போனபோது ராகமில்லை. ஆர்வில் டெஷ் சத்தமில்லாமல் நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பல்வலி என்று நினைத்துக்கொண்டேன்.

கண் ஆறும்வரை நாய்களை மங்கல் அறையில் வைத்திருந்தோம். குற்ற உணர்ச்சி மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று பாருங்கள். சாயங்காலமானால் ஆர்வில் அந்த அறைக்குள் நுழைந்துவிடுவார். காகிதத்தில் சுற்றிய சாசேஜ் இறைச்சித் துண்டுகளைக் கொடுத்து நாய்களிடம் மன்னிப்புக் கேட்பார் போலிருக்கிறது. இருட்டுக்குள் நுழைந்தால் அவர் மூக்கு சும்மா இருக்குமா. பழைய போல்க்காவின் இரண்டு வரி கேட்டால் சாசேஜ் வரும் என்று இரண்டு நாய்களும் நன்றாகப் படித்துக்கொண்டன. எனக்கு இது தெரியும். இதில் என்ன இருக்கிறது என்று யாருமே யோசிக்கவில்லை.

சோதனை நாளும் வந்தது. டாக்டர் மாரென் கையில் கடிகாரத்தோடு ஒரு மூலையில் நின்றார். மங்கல் ஒளியில் படம் பிடிக்கும் வீடியோ கேமரா ஒன்று சுவரோரம். அந்தக் கோடியில் தின்பண்டத் தட்டோடு ஆர்வில். நான் முதலில் பிரிக்கை அவிழ்த்துவிட்டேன். அது ஒரு கணம் தலையைச் சாய்த்தது, பிறகு நேராகக் கிளம்பியது. வழியில் ஒரு நாற்காலியை உரசியது, ஒன்றை இடித்துத் தள்ளியது, ஆனால் நிற்கவில்லை, அழவில்லை. தட்டருகே போய்தான் நின்றது. டாக்டர் மாரென் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்து கோல்பி. அது கொஞ்ச தூரம் போயிற்று, இடது பக்கம் திரும்பியது, எதையோ முகர்ந்தது, நடு அறையில் உட்கார்ந்துவிட்டது. கூப்பிட்டும் வரவில்லை. கோல்பிக்கு வெறும் புரதம், பிரிக்குக்குச் சுமையோடு புரதம் என்று எல்லோருக்கும் தோன்றியது. டாக்டர் ஆர்விலைப் பார்த்தார். ஆர்வில் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது அந்த இருட்டில் தெரியாது, அவருக்கும் அதுவே வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எங்கள் எல்லோரையும் டாக்டர் மாரெனே அழைத்துப் போனார். திங்கட்கிழமை அவர் விமானம் ஏறி, பெரிய டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டப் போகிறார். மேஜை நிறைய மீன், உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் மசியல், பிராந்தி. ஆர்விலின் தட்டில் மட்டும் மீன் வைத்தபடியே இருந்தது. கெர்ட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வெள்ளிக்கிழமை மீனை மிச்சம் வைத்ததில்லை. அவர் அம்மாவின் சாவுக்கு மறுநாள் கூட வைக்கவில்லை.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. கெர்ட்டிக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணுமில்ல, சாப்பிடு."

"ஒரு வாரமா வீட்டுல ராகம் இல்ல. சனியன் விட்டுதுன்னு சந்தோஷப்பட்டேன். இப்ப மீனும் இறங்கல. சொல்ல வேண்டியது எதுவோ தொண்டையில நிக்குது. அதைத் துப்பு, அப்புறம் மீன் தானா இறங்கும்."

ஆர்வில் எழுந்து நின்றார். வாழ்த்துச் சொல்லப் போகிறார் என்று எல்லோரும் கோப்பையைத் தூக்கினோம்.

"டாக்டர், எந்தக் குழாய் எந்த நாய்க்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. செவப்புப் பென்சில எடுத்துட்டுப் போயிட்டேன். ரெண்டு மூடியிலயும் கிறுக்கிட்டேன். அப்புறம் குத்துமதிப்பா எழுதிக் குடுத்தேன். நீங்க திங்கக்கிழமை அங்க போயி எம் பேச்சை நம்பி நிக்கக் கூடாது."

தூக்கிய கோப்பைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே வைத்தோம். யாரோ ஒருவர் சிவப்புப் பென்சிலா என்று கேட்டார். ஆமாம், சிவப்பு என்றார் ஆர்வில். அந்தச் சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் மாரென் தட்டைத் தள்ளி வைத்தார். கோபம்தான். இல்லாமல் இருக்குமா. கடைசியில், உபயோகித்த குழாய்கள் என்ன ஆயின என்று கேட்டார்.

லிண்ட்குவிஸ்ட் அவற்றை நாயின் பெயர் எழுதிய பைகளில் தனித்தனியே போட்டு வைத்திருந்தார். வேறு எந்தக் கூடத்திலும் அவை அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும். எங்கள் கூடத்தில் ஆர்வில் இருந்தார். பைகள் உறைபெட்டியில் பத்திரமாக இருந்தன. பிறகு உதவும் என்று அவர் சொல்லிவந்த அந்தப் ‘பிறகு’ ஒருவழியாக வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை காலை எல்லோரும் டாக்டரின் கருவியைச் சுற்றி நின்றோம். குழாய்களின் அடியில் ஒட்டியிருந்ததை அலசி அளந்தார். பிரிக்கின் குழாயில் வைட்டமின் துளியும் இல்லை. கோல்பியின் குழாயில் இருந்தது. ஆர்விலின் முகம் விளக்கைப் போட்டது போல மலர்ந்தது. குத்துமதிப்பாகக் கொடுத்தது சரியாகவே விழுந்துவிட்டது, நாணயம் சொன்னபடி கோல்பிக்கே போயிருக்கிறது. அவர் என் தோளைத் தட்டினார், லிண்ட்குவிஸ்டின் தோளைத் தட்டினார், டாக்டரின் தோளுக்குக் கையைக் கொண்டுபோனபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஆர்வில், அப்ப ஓடிப் போன நாய்க்கு நாம ஒண்ணுமே குடுக்கல. குடுத்த நாய் நடுவுல உக்காந்துடுச்சு."

தட்டப் போன கை அந்தரத்தில் நின்றது. நாங்கள் கொண்டாடியது எதுவுமில்லாததை. சுமைதூக்கி சுமையை இறக்கவே இல்லை போலிருக்கிறது. டாக்டர் அழவில்லை. வீடியோவை எடுத்து வந்து மறுபடி ஓடவிட்டார். முதன்முறையாக, எதையும் எதிர்பார்க்காமல் பார்த்தோம். அப்போதுதான் கேட்டது. மங்கிய படத்துக்குப் பின்னால், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, ஊரையே கூட்டுகிற மாதிரி ஒரு ராகம். இரண்டு வரி, மறுபடி அதே இரண்டு வரி. பிரிக்கின் காதுகள் இரண்டும் அந்தப் பக்கம் திரும்பி, கயிறு கட்டி இழுத்தது போல அது அந்தக் கோடிக்குப் போயிற்று. அது கண்ணால் போகவில்லை. சாசேஜ் பாட்டைக் கேட்டுப் போயிற்று.

டாக்டர் படத்தை நிறுத்தவில்லை. அடுத்தது கோல்பி. ராகத்தைக் கேட்டது, வாலை ஆட்டியது, கிளம்பியது. முதல் நாற்காலியைச் சுற்றிக்கொண்டது. அடுத்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இருந்த சந்துக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு நாற்காலிக் காலையும் அது தொடவில்லை. பிறகு திரும்பி நடு அறையில் உட்கார்ந்து அண்ணாந்தது. எதைப் பார்க்கிறது என்று நாங்கள் திரைக்கு அருகே குனிந்தோம். மேலே கூரையில் ஓடிய தண்ணீர்க் குழாயில், கிறிஸ்துமஸுக்கு யாரோ கட்டி அவிழ்க்க மறந்த காகிதப் பனிப்பூ ஒன்று நூலில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அது இந்தப் பக்கம் சுற்றினால் கோல்பியின் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சுற்றினால் அந்தப் பக்கம். நாங்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த நாய் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆர்வில் மூக்கைச் சிந்தினார், சளி என்றார்.

மறுபடி சோதனை வைத்தோம். இந்த முறை ஆர்விலின் வாய்க்குக் காவல் போட வேண்டியிருந்தது. வெளியே நிற்கிறேன் என்றார். அவர் கோல்பியைப் பார்க்காமல் இருப்பது பாவம் என்று டாக்டரே ஒப்பவில்லை. கெர்ட்டி ஒரு பெரிய பாலாடைக்கட்டித் துண்டை அவர் வாயில் திணித்து, விழுங்கினால் வீட்டுக்கு வராதே என்று எச்சரித்து உட்கார வைத்தாள். நாற்காலிகளை மாற்றிப் போட்டோம். அறையில் மூச்சுச் சத்தம் கூட இல்லை. பிரிக் இரண்டடி வைத்து, முட்டிக்கொண்டு, உட்கார்ந்து அழுதது. என் செல்லத்தை நான் தூக்கிக்கொண்டேன். கோல்பி நாற்காலிகளுக்கு நடுவே கடைத்தெருவில் நடப்பது போல நடந்து வந்து, தட்டைக் கண்டுகொள்ளாமல், ஆர்விலின் வாயில் இருந்த கட்டியையே உற்றுப் பார்த்தது. அவர் அதை அங்கேயே அதற்குக் கொடுத்துவிட்டார்.

டாக்டர் அந்தத் திங்கட்கிழமை விமானம் ஏறவில்லை. ஒரு நாயை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னும் பல நாய்கள் வேண்டும், பல மாதம் வேண்டும் என்றார். குழாய்களைப் பற்றிச் சொல்லும் வேலை மறுபடி ஆர்விலுக்கே வந்தது. யாராவது கேட்டால், தப்பு செய்தால் வந்து சொல்கிறவர் ஒருவர் என்னிடம் இருக்கிறார், அவரை எதற்கு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சாப்பாட்டு அறைச் சுவரில் மினசோட்டாப் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுப் பென்சிலும் நூலில் தொங்கியது. அதை அவரே தொங்கவிட்டார். மினசோட்டாவுக்கு ஒரு கடிதமும் போட்டாராம். அதுவும் முக்கால் மணி நேரம் படிக்கிற மாதிரிதான் இருந்திருக்கும்.

வசந்தத்தில் நாய்களை வீட்டுக்கு விட்டார்கள். பிரிக் என்னோடு, கோல்பி ஆர்விலோடு. அந்தி நேரத்தில் கெர்ட்டியையும் சேர்த்து நாங்கள் மூவரும் இரண்டு நாய்களோடு ஏரிக்கரையில் நடப்போம். கோல்பி முன்னால் ஓடும். ஜூனில் மின்மினி வந்தபோது அது பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒவ்வொன்றையும் துரத்தும், வாயைத் திறந்து கவ்வும், கிடைக்காமல் அசடு வழிந்து எங்களைத் திரும்பிப் பார்க்கும். ஏற்றிவிட்ட சுமை தீர்ந்துபோகிற சுமை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அடுத்த சுமை எப்போது என்று அவருக்கே தெரியாது. ஆர்வில் அதைக் கேட்டுத் தலையாட்டினாரே தவிர, அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ராகத்தையும் எடுக்கவில்லை. தன் ராகம் ஒருமுறை எல்லோரையும் ஏமாற்றிவிட்டது என்று அதன் மேல் அவருக்குக் கோபம். கெர்ட்டிக்கு அது ஆனந்தம்.

ஒரு சாயங்காலம் புல்வெளி முழுக்க மின்மினி. கோல்பி அவற்றின் நடுவே நின்றது. ஒன்று அதன் மூக்குக்கு முன்னாலேயே பளிச்சிட்டது. அது திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஓட்டமாகக் கிளம்பி, கரையோரப் பெஞ்சில் போய் முட்டிக்கொண்டு, உட்கார்ந்து அழ ஆரம்பித்தது.

ஆர்வில் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. பேக்கர்ஸைப் பற்றி ஏதோ. அந்த மனிதர் பாதியில் விட்ட வாக்கியம் என் நினைவில் அது ஒன்றுதான். பிறகு மூக்கு வழியாக மெல்ல ஆரம்பித்தார். முதல் வரி வந்தது, இரண்டாவது வரி வந்தது. என் கையில் இருந்த பிரிக்கின் காது நிமிர்ந்தது. பெஞ்சடியில் கோல்பி அழுகையை நிறுத்தித் தலையைத் திருப்பி, எழுந்து, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அவர் காலடிக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது வரி முடிந்ததும் அவர் வழக்கம்போல் கெர்ட்டியைப் பயத்தோடு பார்த்தார்.

"என்னைய ஏன் பாக்குறே? நிறுத்தாதே ஆர்வி. வீடு வர்ற வரைக்கும் இழு."

அவர் வீடு வரும்வரை நிறுத்தவில்லை.